மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால்

பைக் விபத்தில் வயிற்றில் பலமாக அடிபட்டால் பெரும்பாலும் கிழிவது மண்ணீரல்தான். இடது விலாவுக்கு உள்ளே, சுமார் 150 கிராம் எடையில் இருக்கும் உறுப்பு அது. ரத்தப்போக்கு நிற்காவிட்டால் உயிரைக் காப்பாற்ற அதை எடுத்துவிடுகிறார்கள். தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்காகவும் எடுப்பதுண்டு. "அது இல்லாமலும் நல்லா இருக்கலாம்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால் உயிர் போகிறது.

ரத்தத்துக்குள் பாக்டீரியா புகுந்தால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் அவற்றை விழுங்கும். கல்லீரலில் உள்ள குப்ஃபர் செல்கள், ஓடும் ரத்தத்திலிருந்தே பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் மட்டும் சர்க்கரைப் பொருளாலான உறை போர்த்தியிருப்பதால், விலாங்கு மீன்போல வழுக்கிக்கொண்டு போய்விடும். அவற்றுக்குத்தான் மண்ணீரல் வேண்டும். அதன் குறுகிய வழிகளில் ரத்தம் மெதுவாக நகர்கிறது. அங்குள்ள பி செல்கள், அந்த உறைமேல் ஒட்டும் எதிர்ப்புரதத்தை விரைவாகச் சுரக்கின்றன. அது ஒட்டியபின் மேக்ரோஃபேஜ் செல்களுக்குப் பிடி கிடைக்கிறது, கிருமி விழுங்கப்படுகிறது.

மண்ணீரல் எடுக்கப்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்குக் கடுமையான கிருமித்தொற்று வருவதை கிங், ஷூமாக்கர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1952இல் எழுதினார்கள். பெரியவர்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. முதல் சில ஆண்டுகளில் அதிகம் என்றாலும் ஆயுள் முழுக்கத் தொடரும். தொடக்கத்தில் சாதாரண ஃப்ளூ போலவே குளிர் காய்ச்சல், உடம்புவலி, வாந்தி என்றுதான் இருக்கும். ஓரிரு நாளில், சிலருக்குச் சில மணி நேரத்திலேயே, ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகள் செயலிழக்கும். இந்த நிலைக்குப் போனவர்களில் பாதிப்பேர் வரை இறந்துவிடக்கூடும்.

தடுக்க வழி இருக்கிறது. நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் ஆகிய மூன்று உறைக் கிருமிகளுக்கும் தடுப்பூசி உண்டு. திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் குறைந்தது 2 வாரத்துக்கு முன்பும், அவசர அறுவை என்றால் 2 வாரம் கழித்தும் போடுவது நல்லது. சிலவற்றைப் பின்னாளில் திரும்பப் போட வேண்டியிருக்கும். ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசியும் வேண்டும். அவசரத்துக்குக் கையில் வைத்துக்கொள்ள ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். நாய் கடித்தால், அதன் வழியாகவும் கிருமி புகலாம் என்பதால், காயம் சின்னதாக இருந்தாலும் உடனே போய்க் காட்டுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மண்ணீரல் எடுக்கப்பட்டது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதி. அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தராமல் விடுவது, அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் வாய் திறந்ததும் "எனக்கு மண்ணீரல் இல்லை" என்பதை முதலில் சொல்லுங்கள்.