புதுச்சேரி மேப்புக்குக் கலர் அடிக்கிறது ஏன் கஷ்டம்?

[திரையில்: புதுச்சேரி மாவட்ட மேப், வெறும் கோடுகள்]

தவளக்குப்பத்துல கடலூர் பஸ் ஏறுறீங்க. போய்ச் சேர்றதுக்குள்ள புதுச்சேரி, தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரின்னு மாறி மாறி வரும். ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம், கிருமாம்பாக்கம் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த ஊர்கள் துண்டு துண்டா கிடந்துச்சு. 1954 நவம்பர் 1-ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்த பிறகும் அந்த எல்லை அப்படியே நின்னுடுச்சு. இந்த மேப்புக்கு கம்ப்யூட்டர்ல கலர் அடிக்க ரெண்டு வேலை தெரியணும்: பாலிகனை, அதாவது பலகோணத்தை, நிரப்புறது, பாலிகனை வெட்டுறது.

முதல்ல நிரப்புறது. கம்ப்யூட்டருக்கு பாலிகன்னா வெறும் புள்ளிப் பட்டியல்தான். எது உள்ள, எது வெளியன்னு அதுவா தெரியாது. அதனால திரையை வரி வரியா எடுத்துக்கும். இதைத்தான் ஸ்கேன்லைன்னு சொல்றோம். இடது ஓரத்துல கிளம்பி ஒரு கோட்டைத் தாண்டினா உள்ள வந்தாச்சு, அடுத்ததைத் தாண்டினா வெளிய போயாச்சு. நம்ம கடலூர் பஸ் மாதிரியேதான். தாண்டின எண்ணிக்கை ஒற்றைப்படையா இருந்தா கலர், இரட்டைப்படைன்னா காலி.

வரி சரியா ஒரு முனை மேலயே போனா? அங்க ரெண்டு கோடு சேருது. ரெண்டையும் எண்ணிட்டா சில முனைகள்ல கணக்கு புரண்டு, கலர் அந்த வரி முழுக்க வழிஞ்சு ஓடிடும். அதுக்கு ஒரு விதி இருக்கு: எல்லாக் கோட்டுலயும் கீழ் முனையைச் சேர்த்துக்கணும், மேல் முனையை விட்டுடணும். படுக்கைக் கோட்டை எண்ணவே கூடாது.

[திரையில்: தமிழ்நாடு, நடுவுல நெட்டப்பாக்கம்]

உள்ள, வெளிய கண்டுபிடிக்க இன்னொரு முறையும் இருக்கு. தாண்டுற கோடு மேல் நோக்கிப் போனா கூட்டல் ஒண்ணு, கீழ் நோக்கிப் போனா கழித்தல் ஒண்ணு. மொத்தம் பூஜ்யம் வரலேன்னா உள்ள. எஸ்விஜி படங்கள்ல நாம எதுவும் சொல்லலேன்னா இந்த முறைதான். இப்போ நெட்டப்பாக்கத்தைப் பாருங்க. சுத்தியும் தமிழ்நாடு, அதனால தமிழ்நாட்டு பாலிகன்ல அது ஒரு ஓட்டை. வெளி வளையமும் ஓட்டை வளையமும் ஒரே திசையில சுத்தினா கூட்டுத்தொகை ரெண்டு. நெட்டப்பாக்கம் தமிழ்நாட்டு கலர்ல மூழ்கிடும். எதிர்த் திசைன்னா பூஜ்யம், ஓட்டை ஓட்டையாவே நிக்கும். மேப் தரவுக்காக 2016-ல வந்த ஜியோஜேசன் தரநிலை சொல்றதும் இதுதான்: வெளி வளையம் இடஞ்சுழி, ஓட்டை வலஞ்சுழி.

அடுத்தது வெட்டுறது. தவளக்குப்பத்தை மட்டும் ஜூம் பண்ணினா, பாலிகன் ஃப்ரேமுக்கு வெளியேயும் நீளும்.

[திரையில்: கட்டம் போட்ட தாள்]

ஃப்ரேம் 0-ல இருந்து 10 வரைக்கும், ரெண்டு பக்கமும். பாலிகனோட முனைகள் (2,2), (12,7), (12,12), (2,12). கோட்டை மட்டும் வெட்டினா, அது வலது ஓரத்துல (10,6)-ல வெளிய போகும், மேல் ஓரத்துல (2,10)-ல திரும்பி வரும். இந்த ரெண்டையும் நேரா சேர்த்து நிரப்பினா மூலை போச்சு. 48 சதுரம் வரவேண்டிய இடத்துல 32தான் வரும். மூணுல ஒரு பங்கு கலரைக் காணோம்!

1974-ல இவான் சதர்லாண்டும் கேரி ஹாட்ஜ்மனும் சொன்ன வழி என்னன்னா, ஒரு தடவைக்கு ஒரே ஓரத்தை வெச்சு முழு பாலிகனையும் வெட்டுறது. முதல்ல வலது ஓரம்: (10,6), (10,12) கிடைக்கும். அதையே மேல் ஓரத்துல வெட்டினா (10,12) போய் (10,10) வரும். மூலை தானா வந்து உக்காந்துடும். கலர் முழுசு.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. உள்வாங்கின வடிவம் ரெண்டு துண்டா பிரிஞ்சா, இந்த முறை ரெண்டையும் ஃப்ரேம் ஓரத்துலயே ஒரு கோட்டால கட்டி வெச்சுடும். நிரப்பும்போது அது தெரியாது. பார்டர் போட்டா, இல்லாத மாநில எல்லை முளைச்சுடும். துண்டுகளைத் தனித்தனியா எடுக்கணும்னா 1977-ல வந்த வைலர்–ஆதர்டன் முறை இருக்கு. மேப் போடுறவங்களுக்கு அதைவிட எளிய வழி: கலருக்கு வெட்டின பாலிகன், பார்டர் இல்லாம. பார்டருக்கு அசல் கோட்டைத் தனியா, கோடாவே வெட்டிப் போடுங்க.

சரியா வந்திருக்கான்னு பார்க்க, மேப்பைக் கொஞ்சம் நகர்த்துங்க. ஏதாவது ஒரு கோடு நகராம ஃப்ரேம் ஓரத்துலயே ஒட்டிக்கிட்டு நின்னா, அது எல்லை இல்ல, வெட்டினப்ப வந்தது.