46 நாளில் எழுந்த பாம்பன் பாலம்!

1964 டிசம்பர் 22. நள்ளிரவு நெருங்கும் நேரம். ராமேசுவரம் தீவைப் பெரும் புயல் தாக்கியது. தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்து போயிற்று. அங்கே போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் விழுங்கியது. அதிலே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

பாம்பன் பாலமும் தப்பவில்லை. 1914-ல் திறந்த பாலம் அது. கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் பகுதி மட்டும் நல்லபடியாக இருந்தது. மற்ற இடங்களில் பெரும்பாலும் தூண்கள்தாம் மிச்சம்! தண்டவாளத்தைத் தாங்கும் கர்டர்கள் ஒவ்வொன்றும் 40 அடி நீள இரும்பு. அவற்றில் 126 கடலுக்குள் போய்விட்டன. தீவுக்குப் போக அன்று வேறு பாலம் கிடையாது.

"ஆறு மாதத்தில் ரயில் ஓட வேண்டும்" என்று கெடு வைத்தது ரயில்வே. மேலதிகாரி அதை மூன்று மாதமாக வெட்டினார். வேலையை ஏற்றவர் இ.ஸ்ரீதரன் என்ற இன்ஜினீயர். வயது 32.

இது என்ன கொடுமை என்று தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆறு மாதம் என்றால் மூன்று நாளைக்கு இரண்டு கர்டருக்குச் சற்று மேல் ஏற்றினால் போதும். இன்று விட்டால் நாளை என்று மனம் சொல்லும். மூன்று மாதம் என்றால் இரண்டு நாளைக்கு மூன்று. அப்போது ஒரு பொழுது வீணானாலும் கண்ணுக்குத் தெரியும். கூலிக்காரர் முதல் அதிகாரி வரை யாரும் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய வேலை அது!

கடலடியில் கிடந்த புதையல்

கெடுவைக் குறைத்தால் மட்டும் இரும்பு வந்துவிடுமா? புதிதாகச் செய்வதென்றால் மாதக்கணக்காகும். அப்போது கைகொடுத்தவர்கள் மீனவர்கள். விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடப்பதை அவர்கள்தாம் சொன்னார்கள். அவற்றையே தூக்கி எடுத்துத் தூண்களின் மேல் வைப்பது என்று முடிவாயிற்று. அதற்கேற்ற தூக்கும் சாதனத்தை அங்கேயே அமைத்தார்கள். ஆரம்பத்தில் மெதுவாகத்தான் நடந்தது. கை பழகப் பழக வேகம் பிடித்தது.

மூன்று மாதம் தேவைப்படவே இல்லை. 46 நாளில் பாலம் தயார்! சராசரி பார்த்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று கர்டர். ரயில்வே மந்திரியின் விருது ஸ்ரீதரனுக்குக் கிடைத்தது. விஷயம் சொன்ன மீனவர்களின் பெயர் பிரபலமாகவில்லை. அதுவும் உலக வழக்கந்தானே!

பின்னோக்கி ஓடிய கடிகாரம்

பிற்பாடு டில்லி மெட்ரோ ரயிலுக்குத் தலைவரானார் ஸ்ரீதரன். அங்கே வேலைத்தலங்களில் ஒரு விநோதக் கடிகாரம் வைத்தார்கள். அது மணி காட்டாது. இந்த வேலைக்கு இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று காட்டும். தினமும் ஓர் எண் குறையும். பார்க்காமல் யாரும் போக முடியாது. முதல் பாதையில் 2002 டிசம்பரில் வண்டி ஓடியது. முதற்கட்ட வேலை முழுவதும் கெடுவுக்கு முன்பே 2005-ல் முடிந்தது.

எல்லாம் வெற்றி என்று சொல்வதற்கில்லை. 2009 ஜூலையில் டில்லியில் கட்டிக்கொண்டிருந்த மெட்ரோ பாலம் இடிந்து, உயிர்கள் போயின. "பொறுப்பு என்னுடையது" என்று ஸ்ரீதரன் ராஜினாமாக் கொடுத்தார். அரசு அதை ஏற்கவில்லை.

பாம்பனில் அந்தப் பழைய பாலத்தின் மேல் 2022 டிசம்பர் வரையில் ரயில் ஓடியது.