அவை கூடும் நாடு

நுழையும்முன்

அறிவியலுக்கு நாட்டெல்லை இல்லை என்பர். எனினும், அறிவியலாளர்கள் ஏதேனும் ஒரு நாட்டின் குடிமக்களே. உலக வல்லுநர்கள் கூடும் மாநாட்டை எந்நாட்டில் நடத்துவது என்று முடிவு செய்யும்போது, அங்கு யார் வர இயலும், யார் வர இயலாது என்பதும் உடன் முடிவாகிவிடுகிறது. அத்தேர்வின் வரலாற்றையும் அளவுகோல்களையும் விளக்குகிறது இவ்வுரைநடைப் பகுதி.

பணிக்களம்

பன்னாட்டு வல்லுநர் மாநாடு என்பது விழா அன்று; பணி நிகழும் களம். புதிய கண்டுபிடிப்புகள் அங்கு அறிவிக்கப்படுகின்றன, ஐயங்கள் எழுப்பப்படுகின்றன, நெறிமுறைகள் ஆராயப்படுகின்றன. இதற்குப் பன்னாட்டுக் கணிதவியலாளர் மாநாடு சிறந்த சான்றாகும். 1897ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் அது முதன்முதலாகக் கூடியது. 1900இல் பாரிசில் கூடியபோது, ஜெர்மானியக் கணித அறிஞர் டேவிட் ஹில்பர்ட் அங்கு உரையாற்றினார். அவ்வுரையை ஒட்டி வெளியான, தீர்வு காணப்படாத 23 கணக்குகள் 20ஆம் நூற்றாண்டின் கணித ஆய்வுக்கு வழிகாட்டின. அத்தகைய அவையில் ஒருவருக்கு இடம் மறுக்கப்படுமாயின், அது அவருக்கு மட்டுமன்றி அத்துறைக்கே இழப்பாகும்.

மூடிய கதவுகள்

முதல் உலகப்போருக்குப் பின் 1920இல் இம்மாநாடு ஸ்டிராஸ்பர்க் நகரில் கூடியது. போரின் முடிவில் ஜெர்மனியிடமிருந்து பிரான்சின் வசம் மீண்ட நகரம் அது. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, பல்கேரியா ஆகிய நாடுகளின் கணிதவியலாளர்கள் அம்மாநாட்டிற்கு அழைக்கப்படவில்லை. 1924இல் கனடாவின் டொராண்டோவிலும் அந்நிலையே நீடித்தது. 1928இல் இத்தாலியின் பொலோனா நகரில் மாநாட்டை நடத்திய சால்வத்தோரே பின்கெர்லே, எல்லா நாட்டினரையும் அழைத்தார். தம் நாட்டிலேயே எழுந்த எதிர்ப்பையும் மீறி, ஹில்பர்ட் தலைமையில் ஜெர்மானியக் கணிதவியலாளர்கள் வந்து சேர்ந்தனர்.

அழைப்பு இருந்தும் நுழைவிசைவு (விசா) கிடைக்காமல் தடுமாறியோரும் உண்டு. 1950இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் மாநாடு நடைபெற்றது. கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை அவ்வாண்டு பெறவிருந்த பிரெஞ்சு அறிஞர் லோரான் ஷ்வார்ட்ஸுக்கும், 84 வயது முதுபேரறிஞர் ழாக் அதமாருக்கும் அவர்களுடைய அரசியல் சார்பு காரணமாக நுழைவிசைவு எளிதில் வழங்கப்படவில்லை. நெடிய முயற்சிக்குப் பின்னரே அவர்கள் அமெரிக்காவுக்குள் நுழைய முடிந்தது.

சில வேளைகளில் தடை, செல்லும் நாட்டில் இல்லாமல் சொந்த நாட்டிலேயே இருக்கும். 1978இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி மாநாட்டில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெறவிருந்த கிரிகோரி மார்குலிஸ், சோவியத் அரசு இசைவளிக்காததால் பயணம் மேற்கொள்ள இயலவில்லை. மாநாட்டு இடத்தை எத்துணைக் கவனமாகத் தேர்ந்தாலும் எல்லாத் தடைகளும் நீங்கிவிடா என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

காலம் மாற்றும் முடிவுகள்

மாநாட்டு நாடு பல ஆண்டுகளுக்கு முன்னரே தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதற்குள் அந்நாட்டின் நிலைமை மாறிவிடக்கூடும். 1982இல் போலந்தின் வார்சாவில் கூடவிருந்த கணித மாநாடு, அங்கு இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டதால் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு, 1983இல் அந்நகரிலேயே நடைபெற்றது. 2022ஆம் ஆண்டு மாநாட்டிற்கு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் 2018இலேயே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், மாநாடு இணையவழிக்கு மாற்றப்பட்டது. விருதளிப்பு விழா ஹெல்சிங்கியில் நடந்தது. முன்னதில் காத்திருத்தல் தீர்வாயிற்று. பின்னதில் இடமாற்றம் தீர்வாயிற்று.

அளவுகோல்கள்

இத்தகைய சிக்கல்களை எதிர்கொள்ளச் சில அமைப்புகள் எழுத்து வடிவில் விதிகளை வகுத்துள்ளன. கணினிகள் இணையத்தில் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான நெறிமுறைகளை உருவாக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு அவற்றுள் ஒன்று. 1986இல் தோன்றிய இக்குழு ஆண்டுக்கு மும்முறை கூடுகிறது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகியவற்றில் முறைவைத்துக் கூடுவது அதன் பொதுவழக்கம். இதனால் நெடும்பயணத்தின் சுமை ஒரு பகுதியினர் மீது மட்டும் விழாமல் பகிரப்படுகிறது.

2018 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெறவிருந்த இக்குழுவின் கூட்டம், அமெரிக்கப் பயணக் கட்டுப்பாடுகள் குறித்த கவலையால் கனடாவின் மான்ட்ரியலுக்கு மாற்றப்பட்டது. 2020இல் வெளியான அக்குழுவின் விதிகள், இடத்தேர்வுக்கான அளவுகோல்களைத் தெளிவாகக் கூறுகின்றன. கலந்துகொள்ள விரும்புவோருள் மிகப் பெரும்பாலோர் நுழைவிசைவு பெற இயல வேண்டும்; செலவு தாங்கத்தக்கதாக இருக்க வேண்டும்; சக்கர நாற்காலியில் வருவோரும் அரங்கிற்குள் செல்ல வழி வேண்டும்; தடை செய்யப்படாத இணைய இணைப்பு வேண்டும்; பாலினம், இனம் போன்றவற்றின் அடிப்படையில் பங்கேற்பாளரை வேறுபடுத்தும் சட்டங்கள் உள்ளனவா என்பதும் ஆராயப்பட வேண்டும். சுற்றுலா வாய்ப்பு இத்தேர்வின் நோக்கமன்று என்பதையும் அவ்விதிகள் வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றன.

புதிய வாயில்கள்

அனைவருக்கும் ஏற்ற நாடு என ஒன்று உலகில் இல்லை. ஒருவருக்கு அருகிலுள்ள நகரம் மற்றொருவருக்குத் தொலைவிலுள்ளது. ஒருவருக்கு எளிதில் திறக்கும் எல்லை மற்றொருவருக்குத் திறப்பதில்லை. ஆகவே, இடத்தை மாற்றிக்கொண்டே செல்வது நேர்மையான வழியாகிறது. 2010இல் கணித மாநாடு முதன்முறையாக இந்தியாவில், ஐதராபாத்தில் கூடியது. அதனால், இந்திய மாணவர்கள் கடல் கடக்காமலும் நுழைவிசைவுக்குக் காத்திராமலும் உலகக் கணித மேதைகளின் உரைகளைக் கேட்கும் வாய்ப்பு உருவாயிற்று. தென்னரைக்கோளத்தில் அம்மாநாடு கூடியதோ 2018இல்தான். பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ அப்பெருமையைப் பெற்றது.

இணையவழிப் பங்கேற்பு இன்று பல தடைகளைத் தளர்த்தியுள்ளது. எனினும், ஓரிடத்தில் பகலாக இருக்கும் வேளை மற்றோரிடத்தில் நள்ளிரவாக இருக்கிறது. அரங்கிற்கு வெளியே நிகழும் உரையாடல்கள் திரைவழியே எட்டுவது அரிது. எனவே, அவை கூடும் நாட்டைத் தேர்வோர் அரங்கின் பொலிவைக் காண்பதற்கு முன், அதன் வாயிலில் எவரேனும் தடுத்து நிறுத்தப்படுவாரோ என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வர விரும்பியும் வர இயலாதவர் எத்துணைப் பேர் என்பதே அத்தேர்வின் தகுதியை அளக்கும் உண்மையான அளவுகோலாகும்.