துரியோதனன் மார்பில் கல்யாண முருங்கை!

விழிதியூர் போன்ற காரைக்கால் பக்கத்துக் கிராமங்களில் வேலியோரம் வளரும் கல்யாண முருங்கையை, "அடுப்புக்குக்கூட ஆகாத மரம்" என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால், காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் அதுதான் ராஜா நகை!

அங்கே ஆடும் கூத்தில் துரியோதனனும் கர்ணனும் அணியும் கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாமே மரம்தான். அவற்றுக்குப் பெயர் "கட்டை". அதனால்தான் அது கட்டைக்கூத்து. 1990-ல் காஞ்சிபுரத்தில் சங்கம் அமைத்த கலைஞர்களும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

ஏன் கல்யாண முருங்கை? எடை இல்லாத மரம்! ராத்திரி தொடங்கிப் பொழுது விடியும்வரை சுற்றிச் சுழன்று ஆட வேண்டுமே. தேக்கில் செய்தால் கழுத்து என்னாவது? செதுக்கிய கட்டையில் வர்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிவிட்டால், விளக்கு வெளிச்சத்தில் வைரம் தோற்றுப்போகும்!

இந்த மரத்துக்கு இப்போது ஒரு எமன். 2005 வாக்கில் நம் நாட்டுக்குள் நுழைந்த பொடிக் குளவி, இலையிலும் தண்டிலும் முட்டையிட்டு முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கிறது. கடுமையாகத் தாக்கினால் மரமே பட்டுப்போகும்.

கொம்பை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும் மரம் இது. பூச்சி படாத கொம்பாகப் பார்த்து வேலியில் ஒன்று ஊன்றுங்கள். நாளைக்கு ஒரு ராஜாவுக்கு நகை ரெடி!