முதுமையில் பழங்கார்ச் சேகரிப்பைக் குறைத்தல்

வாழ்நாளெல்லாம் திரட்டிய பழைய கார்களையும் உதிரிபாகங்களையும் முதுமையில் குறைத்துக்கொள்ள எண்ணுவோர், உடலில் வலுவும் நினைவில் தெளிவும் இருக்கும்போதே அப்பணியைத் தொடங்க வேண்டும். ஏனெனில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கருவியாகிய கார்ப்யூரேட்டர்களுள் எது எந்த வண்டிக்குரியது என்பதைச் சேகரித்தவரே அறிவார் என்பதால், பெயர்ச்சீட்டு கட்டப்படாத பாகங்கள் அவர் காலத்துக்குப்பின் பழைய இரும்பாக எடைக்குப் போய்விடும். 1960களில் சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற, தயாரிப்பு நின்றுபோன வண்டிகளுக்கு இது பேரிழப்பாகும்.

50 ஆண்டுகளைக் கடந்தும் மூலவடிவம் மாறாத கார்களை ‘விண்டேஜ்’ என வகைப்படுத்தும் இந்திய விதிகள், 2021 முதல் அவற்றுக்கு ‘விஏ’ என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண்ணை வழங்குகின்றன. ஆகவே, ஆவணங்களைச் சீர்செய்து, ஓட்டி மகிழ ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, ஏனையவற்றை அவற்றுக்குரிய பாகங்களோடு பேணத் தெரிந்த இளையோரிடம் ஒப்படைப்பதே சாலச்சிறந்தது.