புது ஸ்பீக்கரைப் பழக்க 100 மணி நேரம் வேண்டுமா?

புதிதாக வாங்கிய ஸ்பீக்கரில் பேஸே இல்லை, குரல் கீச்சென்று இருக்கிறது என்று கடையில் போய்ச் சொன்னால், "100 மணி நேரம் ஓடட்டும் சார், தானா செட் ஆயிடும்" என்பார்கள். தினமும் 2 மணி நேரம் பாட்டுக் கேட்பவருக்கு அது 50 நாள். திருப்பிக் கொடுக்கும் கெடு பெரும்பாலும் அதற்குள் தாண்டிவிடும். சோதித்துப் பார்க்க இந்த ஒரு காரணமே போதும்.

கடைக்காரர் சொல்வது முழுப் பொய் அல்ல. ஸ்பீக்கரின் கோனை இரண்டு இடங்களில் பிடித்து வைத்திருக்கிறார்கள். வெளி விளிம்பில் ரப்பர் அல்லது ஃபோம் வளையம். உள்ளே, கோனை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலை ஒட்டி, மடிப்பு மடிப்பாக ஒரு துணி வட்டு. 'ஸ்பைடர்' எனப்படும் இந்தத் துணியைப் பிசினில் தோய்த்து, சூடான அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள். கோன் முதன்முதலாக நன்றாக முன்னும் பின்னும் ஆடும்போது பிசினின் விறைப்பு சற்றுத் தளர்கிறது. கருவி வைத்து அளந்தால் இது தெரியும். ஆனால் தளர்ச்சியில் பெரும்பங்கு முதல் சில நிமிடங்களில், மிஞ்சினால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அது காதுக்கு எவ்வளவு வந்து சேரும்? ஒரு கணக்குப் போடுவோம். வெளியே தனியாக வைத்தால் ஒரு வூஃபரின் இயல்பு அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ். அதன் நெகிழ்வு 20 சதவீதம் கூடினால் சுமார் 36.5-க்கு இறங்கும். பெரிய மாற்றம்தான். அதையே மூடிய பெட்டிக்குள் பொருத்துங்கள். உள்ளே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். வூஃபரின் சொந்தப் பிடிமானத்தைவிட அது 3 மடங்கு விறைப்பு என்று வைத்துக்கொண்டால், பெட்டியோடு சேர்ந்த அதிர்வெண் 80-லிருந்து 78.3-க்குத்தான் நகரும். எத்தனை மணி நேரம் பாட்டுப் போட்டாலும் காற்று தளராது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டு சாண் தள்ளி வைத்தாலே பேஸ் இதைவிட அதிகமாக மாறும்.

ஆம்ப்ளிஃபயருக்கும் கேபிளுக்கும்கூட இப்படிப் பழக்கம் வேண்டும் என்பார்கள். வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடேறச் சில நிமிடம் பிடிக்கும். அது தினமும் நடப்பது, புதுசு பழசு என்ற பேச்சுக்கே இடமில்லை. கேபிள் அட்டையில் "200 மணி நேரம்" என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். செம்புக் கம்பிக்குள் தளர்வதற்கு என்ன இருக்கிறது?

பிறகு ஏன் ஒரு மாதத்தில் நன்றாகக் கேட்கிறது? ஒலியின் நுணுக்கத்தை மூளை சில விநாடிகளுக்குமேல் அப்படியே வைத்திருப்பதில்லை. போன மாதம் கேட்டதோடு இன்று கேட்பதை ஒப்பிடுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். தொடர்ந்து கேட்கும் ஒலி கொஞ்ச நாளில் இயல்பாகிவிடும்.

ஆகவே நினைவை நம்பாத சோதனை வேண்டும். அதற்கான வசதி பெட்டிக்குள்ளேயே வருகிறது: ஸ்பீக்கர்கள் இரண்டு. முதல் நாளே இரண்டையும் ஒவ்வொன்றாக ஒரே ஸ்டாண்டில், ஒரே ஒயரில், ஒரே வால்யூமில் வைத்து எல்லா அதிர்வெண்களும் கலந்த 'பிங்க் நாய்ஸ்' இரைச்சலை ஓடவிடுங்கள். போனை அசையாமல் ஓரிடத்தில் நிறுத்தி, ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப்பில் இரண்டின் கோட்டையும் சேமியுங்கள். இரண்டுக்கும் தொடக்கத்திலேயே சிறு வித்தியாசம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இது. பிறகு இடதை மட்டும் 50 மணி நேரம் ஓட்டுங்கள், வலது சும்மா இருக்கட்டும். மறுபடி அளக்குமுன் ஒரு இரவு ஆறவிடுங்கள். சத்தமாக ஓடிய வாய்ஸ் காயில் சூடாகி, அதன் மின்தடை கூடியிருக்கும். அந்தத் தற்காலிக மாற்றத்தைப் பழக்கம் என்று கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

காதாலும் சோதிக்க வேண்டுமென்றால் இரண்டையும் நெருக்கமாக வைத்துத் திரை போடுங்கள். எது பாடுகிறது என்பதை வீட்டில் வேறு யாராவது காசு சுண்டித் தீர்மானிக்கட்டும். 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொன்னால் கவனிக்க வேண்டிய விஷயம்; வெறும் ஊகத்தில் அப்படி அமைய 100-க்கு 4 வாய்ப்புதான்.

ஹெட்போனுக்கு இன்னும் சுலபம். போன் செட்டிங்கில் பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளி, கழற்றி வைத்தபடியே பல மணி நேரம் ஓடவிடுங்கள். பின்பு பேலன்ஸை நடுவில் வைத்து, மோனோவில் ஒரு குரலைக் கேளுங்கள். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிப் பாருங்கள். சாய்வும் கூடவே மாறினால் கோளாறு கருவியில். மாறாவிட்டால் உங்கள் காதில். மாதக்கணக்கில் அணிந்த ஹெட்போனின் ஒலி நிஜமாகவே மாறுவதும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம் அமுங்கிப்போன காதுமெத்தை. புது மெத்தை மாட்டினால் பழைய ஒலி கிட்டத்தட்டத் திரும்பிவிடும்.