ஒருவழி வயிறு

காலையில் லாயத்துக்குள் நுழைந்ததும் அனுபவமுள்ள குதிரைக்காரரின் கண் தரைக்குத்தான் போகும். இரவு எத்தனை முறை லத்தி போட்டிருக்கிறது, ஈரமாக இருக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பார். நலமான குதிரை ஒரு நாளில் எட்டுப் பத்து முறையாவது லத்தி போடும். தரை சுத்தமாக இருந்தால் அவருக்கு வயிற்றைக் கலக்கும்.

காரணம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்திலுள்ள தசைவளையம் அவ்வளவு இறுக்கமானது. குழாய் உள்ளே நுழையும் கோணமும் சாய்வு. உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வெளியேறியாக வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கும் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். நெடுநேரம் பட்டினி போட்டால் இரைப்பை புண்ணாவது இதனால்தான்.

புல்லைச் செரிக்கும் பெரிய வேலை இன்னும் பின்னால் நடக்கிறது. பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு பை. அங்கேயும் அதையடுத்த குடலிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்து ஆற்றலாக்கித் தருகின்றன. இந்தப் பெருங்குடல் மடிந்து மடிந்து கிடக்கிறது; இடுப்பருகே ஒரு திருப்பத்தில் சட்டென்று குறுகியும் விடுகிறது. குடித்த தண்ணீர் போதாவிட்டால் தீவனம் பெரும்பாலும் அங்கேதான் அடைத்துக்கொள்ளும். இப்படியொரு குழாய் போட்டவரை எந்த நகராட்சியும் வேலையில் வைத்திருக்காது.

தானியத்தை ஒரே வேளையில் அள்ளிப் போட்டால் வேறு வகை ஆபத்து. சிறுகுடலால் அத்தனை மாவுச்சத்தையும் செரிக்க முடிவதில்லை. மிச்சம் பெருங்குடலுக்கு வழிகிறது. லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, நார் செரிப்பவை மடிகின்றன, நஞ்சு இரத்தத்தில் கலக்கிறது. ஓரிரு நாளில் குதிரை நொண்டத் தொடங்கும்! குளம்புக்குள் இருக்கும் எலும்பை வெளிச்சுவரோடு பிணைத்திருப்பவை மெல்லிய திசு மடிப்புகள். அவை அழன்று பிடி தளர்ந்தால், உடல் எடையே எலும்பைக் கீழே அழுத்திவிடும். லாடம் அடிப்பவரைக் குறை சொல்லுமுன் தீவனத் தொட்டியைப் பார்க்க வேண்டும்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்திறங்கியதையும் அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மாண்டதையும் எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் கணிப்பு. சோறும் வெந்த இறைச்சியும் தீவனமாம். பயணிகள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். வெயிலுக்கும் பங்கு இருந்திருக்கும். ஆனாலும் பாதி கதை அந்தத் தீவனத்திலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது.

உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் அளவுக்கு நாள்தோறும் காய்ந்த புல், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. தண்ணீர் தொட்டி வற்றவே கூடாது. கொள்ளோ வேறு தானியமோ, தீவனத்தை மாற்றுவதானால் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு மாற்ற வேண்டும். நுண்ணுயிர்களுக்கும் பழக வேண்டுமே.

விலாவுக்குப் பின்னால் காதை வைத்தால் கடமுடவென்று சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லாமல், குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தரையைக் காலால் பறித்து, படுத்துப் புரண்டால் அது வயிற்று வலி. தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு; 60-ஐத் தாண்டினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் வரும்வரை தீவனம் கூடாது. வாயில் எண்ணெய் ஊற்றும் பழைய வைத்தியமும் வேண்டாம், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மருத்துவர் மூக்கு வழியாக நீண்ட குழாய் ஒன்றை இரைப்பை வரை செலுத்துவார். குதிரையால் வாந்தியாக வெளியேற்ற முடியாத நீரும் வாயுவும் அதன் வழியே வெளிவரும்.